'மடைக்கணக்கு' நாவல்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அணுப்போர் நடந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின் கன்னியாகுமரி மாவட்டத்தில் எஞ்சியிருக்கும் ஒரு சமூகத்தைப் பற்றி நான் எழுதிய நாவல் 'மடைக்கணக்கு'. அதைப் படித்தவர்களும், படிக்கலாமா என்று யோசிப்பவர்களும் எழுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். கதையின் முடிவை மட்டும் எங்கும் வெளிப்படுத்தவில்லை.

நாவலின் கதை என்ன?

போருக்குப் பின் மாநில அரசும் இல்லை, மத்திய அரசும் இல்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் மதகுகளைக் கையில் வைத்திருப்பவர்களே ஆட்சியாளர்கள். அவர்கள் தங்களை மடைச்சபை என்று அழைத்துக்கொள்கிறார்கள். தோவாளைக் கால்வாய்க்கு எத்தனை நாள் நீர், அனந்தனாற்றுக்கு எத்தனை நாள், பட்டணங்காலுக்கு எத்தனை நாள் என்பதை அவர்கள் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்திலிருந்து யார் எங்கே குடியிருக்கலாம், யார் யாரை மணக்கலாம் என்பது வரை எல்லாம் கிளைக்கின்றன. ஆற்றுக்கு மேலே கால்வாய் நீரைக் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நீர்க்கணக்கு எழுதும் ஒரு பெண், பழைய ஏடுகளைப் புரட்டும்போது, சபை சொல்லிவரும் அளவும் உண்மையில் ஓடும் அளவும் பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கிறாள். அதன் பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதே கதை.

குண்டு விழாத ஓர் ஊரை ஏன் கதைக்களமாக எடுத்தீர்கள்?

குண்டு விழுந்த நகரத்தின் கதையை அங்கே உயிர்பிழைத்தவர்களே சொல்லிவிட்டார்கள். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று வீசப்பட்ட ஒரே குண்டினால் அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேரும், மூன்று நாள் கழித்து நாகசாகியில் வீசப்பட்டதால் சுமார் 74,000 பேரும் இறந்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அந்தத் துயரத்தை நான் கற்பனையால் மிகைப்படுத்த வேண்டிய தேவை எதுவும் இல்லை. இன்று உலகில் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு சிறு பகுதி வெடித்தாலும், எந்த நாட்டின் தாக்குதல் இலக்குப் பட்டியலிலும் இடம்பெறாத சுசீந்திரத்து வயலும் குளச்சல் கடற்கரையும் அதே போரில் சிக்கிக்கொள்ளும் என்பதைத்தான் நான் எழுத விரும்பினேன். தூரத்தில் இருப்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. அது உண்மையில்லை என்று நம் ஊர்ப் பெயர்களை வைத்தே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

போரைத் தொடங்கியது எந்த நாடு?

நாவலில் அது சொல்லப்படவில்லை. கதைமாந்தர்களுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை. யாருமே தொடங்க விரும்பாமல்கூட அப்படியொரு போர் மூளலாம். 1983 செப்டம்பர் 26 அன்று அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக சோவியத் எச்சரிக்கைக் கருவிகள் காட்டியபோது, அது பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று கணித்து மேலிடத்தைப் பதற்றப்படுத்தாமல் பொறுத்த அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். அன்றைக்கு அந்த இருக்கையில் வேறொருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எங்கோ வெடிக்கும் குண்டுகளால் குமரியில் குளிர் வரும் என்பது கற்பனைதானே?

குளிரின் அளவையும் காலத்தையும் கதைக்கேற்ப நான் வகுத்துக்கொண்டேன்; அடிப்படை அறிவியலுடையது. நகரங்கள் பெருந்தீயில் எரியும்போது எழும் கரிப்புகை, மழை பெய்யும் அடுக்கையும் தாண்டி மேல்வளி மண்டலத்துக்குப் போய்விடும். அங்கே அதைக் கழுவிக் கீழிறக்க மழை கிடையாது. ஆகவே பல ஆண்டுகள் உலகைச் சுற்றிப் பரவி நின்று வெயிலை மறைக்கும். இதை 1983-இல் கார்ல் சேகன் உள்ளிட்ட ஐவர் குழு விரிவாக முன்வைத்தது. பிற்கால ஆய்வுகள் மேலும் நுட்பமான தட்பவெப்பக் கணிப்புகளைக் கொண்டு அதே கேள்வியைத் திரும்ப ஆராய்ந்தன. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, 50 லட்சம் டன் முதல் 15 கோடி டன் வரை கரிப்புகை எழும் பல நிலைகளைக் கணக்கிட்டு, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான போரின் விளைவாகவே உலகெங்கும் 200 கோடிக்கும் மேற்பட்டவர்களும், அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான போரானால் 500 கோடிக்கும் மேற்பட்டவர்களும் பட்டினியால் இறக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. குண்டால் இறப்பவர்களைவிடச் சோறில்லாமல் இறப்பவர்களே பன்மடங்கு அதிகம் என்ற அந்த ஒரு முடிவிலிருந்துதான் என் நாவல் பிறந்தது.

எரிமலைகள் இதற்கு ஒரு சிறு முன்மாதிரி. இந்தோனேசியாவின் தம்போரா 1815-இல் வெடித்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வரவில்லை, அறுவடை பொய்த்தது. ஒரே மலையின் ஒரு வெடிப்பு செய்தது அது.

குளிர் வந்தால் வெள்ளாமை என்ன ஆகும்? மக்கள் எதை உண்டு பிழைக்கிறார்கள்?

நான் மிக அதிகமாக உழைத்தது இந்தப் பகுதிக்காகத்தான். நாஞ்சில் நாட்டில் நெல் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு பூவாக, அதாவது இரண்டு போகமாக, விளைகிறது. வெப்பத்துக்குப் பழகிய நெல், கதிர் வெளிவருவதற்குச் சற்று முன்பான நாட்களில் கடுங்குளிரைச் சந்தித்தால் மகரந்தம் மலடாகிவிடும். பயிர் பச்சையாக நிற்கும், கதிரும் வரும், ஆனால் உள்ளே அரிசி இருக்காது. நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் தாழக்குடி வயலில் அறுக்கப் போகிறவர்கள் கதிரைக் கசக்கிப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பது இதனால்தான். சில வாசகர்கள் அதை ஏதோ நஞ்சின் விளைவு என்று எடுத்துக்கொண்டார்கள். அது வெறும் குளிர்.

அடுத்தது மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. இந்த மண்ணில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பயிரிட மக்களை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, அன்று திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த நம் ஊர்களில் பல வீடுகளின் வயிற்றை நிரப்பியது அந்தக் கிழங்குதான். தொலைவில் நடக்கும் ஒரு போர் நம் அடுக்களைக்குள் எப்படி நுழையும் என்பதை அந்தத் தலைமுறை நேரில் கண்டிருக்கிறது. ஆனால் மரச்சீனியும் குளிருக்கு ஈடுகொடுக்காது. ஆகவே நாவலில் அது கடலோரத்தின் வெப்பமான மேடுகளில் மட்டும் தப்புகிறது. மேட்டுநிலம் யாருடையது என்ற சண்டை அங்கே தொடங்குகிறது. கசப்பு வகைக் கிழங்கைப் பதமறியாமல் அவித்துத் தின்று குழந்தைகள் இறக்கும் பகுதியைப் பலரால் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். பஞ்ச காலங்களில் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் இத்தகைய நஞ்சேறல் நடந்திருக்கிறது. அதனால் அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை.

உப்பையும் சொல்ல வேண்டும். சாமிதோப்பு, புத்தளம் பக்கத்து அளங்களில் உப்பு விளைய வெயில் வேண்டும். வெயில் மங்கிய ஆண்டுகளில் உவர்நீரை விறகு வைத்துக் காய்ச்ச வேண்டியிருக்கிறது. அதற்காகக் காடு அழிகிறது. காடு அழிந்ததால் அணைக்குள் மண் சரிந்து சேர்கிறது. மடைச்சபையின் கணக்கு பொய்யாகத் தொடங்கும் முதல் இடம் அதுவே.

மீன்பிடிச் சமூகம் இருக்கும்போது பஞ்சம் எப்படி வரும்?

கடலும் மாறிவிடுகிறது. வெயில் குறைந்தால் கடலின் நுண்பாசிகள் குறையும், அவற்றை உண்ணும் சிறுமீன் குறையும். டீசல் இல்லாததால் விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கின்றன; கட்டுமரமும் வள்ளமும் போகும் தூரம் வரைதான் மீன்.

நாவலின் தொடக்கத்தில், பல வாரங்கள் ஆழ்கடலில் சுறா பிடித்துவிட்டுத் திரும்பும் ஒரு தூத்தூர்ப் படகு வருகிறது. வானொலிக் கருவியில் யாரும் பதில் சொல்லாததையும், மேகமில்லாத நாளிலும் வானம் பழுப்பாக இருப்பதையும் முதலில் உணர்பவர்கள் அவர்களே. 2017-இல் ஓகி புயல் வந்தபோது கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்பதை நினைவில் வைத்தே அதை எழுதினேன். இன்னொரு நிகழ்வும் அதற்குள் இருக்கிறது. 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் ஃபுக்குரியூ மாரு' என்ற ஜப்பானியப் படகின் மீது வெள்ளைச் சாம்பல் மணிக்கணக்கில் பெய்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலிப் பொறுப்பாளர் ஐகிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். குண்டின் ஆற்றல் கணித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக வந்ததே அந்தச் சாம்பல் எல்லை தாண்டியதற்கு ஒரு காரணம். எந்தச் சண்டையிலும் பங்கில்லாத மீனவர்கள் அவர்கள். என் தூத்தூர்ப் படகை எழுதும்போதெல்லாம் அவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கதிர்வீச்சுச் சாம்பல் எத்தனை காலம் ஆபத்தாக இருக்கும்?

முதல் நாட்களில்தான் மிகக் கொடியது. வெடிப்புக்குப் பிந்தைய நேரம் ஏழு மடங்காகும்போது கதிர்வீச்சின் வீதம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஒரு மணி நேரத்தில் இருந்த அளவு ஏழு மணியில் பத்தில் ஒன்றாகவும், இரண்டு நாளில் நூற்றில் ஒன்றாகவும், இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்றாகவும் வந்துவிடும். தனிமங்களில் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டில் சேரும். சீசியம்-137 பாதியாக 30 ஆண்டுகளும், எலும்பில் சுண்ணாம்புச் சத்துபோல் போய் ஒட்டிக்கொள்ளும் ஸ்ட்ரான்சியம்-90 பாதியாக ஏறத்தாழ 29 ஆண்டுகளும் ஆகும். கதை நடக்கும் காலத்தில், அதாவது ஐம்பது ஆண்டுகளில், விழுந்த சீசியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே எஞ்சியிருக்கும். கணக்கெழுதும் பெண் பழைய பாடநூல் ஒன்றிலிருந்து இதைத் தானே கூட்டிக் கழித்துக் கண்டறிகிறாள். சாம்பல் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சாம்பலைக் காரணம் காட்டி விதிக்கப்பட்ட தடைகள் மட்டும் ஆண்டுதோறும் கூடியிருக்கின்றன. அந்த இடத்தில்தான் அவளுக்குள் ஐயம் உறுதியாகிறது.

மணவாளக்குறிச்சி மணலில் ஏற்கெனவே கதிர்வீச்சு இருக்கிறதே, அங்குள்ளவர்கள் அதற்குப் பழகியிருக்க மாட்டார்களா?

மாட்டார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. அது பாதியாக ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால் மெல்ல, தொடர்ந்து கதிர்வீசுகிறது. வெடிப்புச் சாம்பல் குறுகிய காலத்தில் பெருமளவு கதிரை வீசுவதோடு, உணவிலும் பாலிலும் புகுந்து உடலுக்குள்ளே தங்கிவிடும். ஒன்றுக்குப் பழகியவர் மற்றதைத் தாங்குவார் என்று சொல்ல அறிவியல் ஆதாரம் இல்லை. நாவலில் மடைச்சபை இதற்கு நேரெதிரான பொய்யைப் பரப்புகிறது: கடற்கரை மக்கள் பரம்பரையாகவே மணலால் தீண்டப்பட்டவர்கள், அவர்கள் கை பட்டால் கால்வாய் கெடும் என்று. அதை நம்ப விரும்பியவர்கள் நம்பினார்கள்.

கூடங்குளம் அணுமின் நிலையம் என்ன ஆகிறது?

அருகிலுள்ள திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் அந்த நிலையத்தைத் தவிர்த்துவிட்டு இந்தக் கதையை எழுத முடியாது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் அணுநிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று உடன்படிக்கை செய்து, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. நாவலிலும் அதன் மீது குண்டு விழவில்லை. ஆனால் உலையை நிறுத்திய பிறகும் எரிபொருள் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். மின்சாரம் அறுந்து குளிர்விக்க முடியாமல் போனால் என்ன நேரும் என்பதை 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா காட்டியது. என் நாவலில் பணியாளர்கள் சிலர் வீடு திரும்பாமல் அங்கேயே தங்கி, பயன்படுத்திய எரிபொருள் கிடக்கும் தொட்டிகளின் நீர் வற்றாமல் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சோறு அனுப்புவது இடிந்தகரையின் பெண்கள், அந்த நிலையமே வேண்டாம் என்று போராடிய ஊரின் பெண்கள். அணுமின்சாரத்தை ஆதரிக்கவோ எதிர்க்கவோ நான் இந்த அத்தியாயத்தை எழுதவில்லை. அழிவைத் தடுக்கும் வேலையை யாரும் பார்க்காத இடத்தில் செய்தவர்களுக்கு நாவலில் ஓரிடம் கொடுக்க விரும்பினேன்.

கதிர்வீச்சால் மாற்றுருவான மனிதர்கள், விலங்குகள் நாவலில் ஏன் இல்லை?

ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தும், பரம்பரைக் குறைபாடு கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. குண்டு வெடித்தபோது கருவில் இருந்த குழந்தைகள் சிலர் சிறிய தலையோடும் மூளை வளர்ச்சிக் குறையோடும் பிறந்தார்கள். பிழைத்தவர்களிடையே இரத்தப் புற்றும் பிற புற்றுகளும் கூடின. உண்மையான கொடுமை அதுவாக இருக்கும்போது, கண்டறியப்படாத ஒன்றைச் சேர்த்துப் பிழைத்தவர்களின் பிள்ளைகளை விகாரமாகக் காட்டுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்று கருதுகிறேன்.

இவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகும் சாதி இருக்கும் என்று ஏன் எழுதினீர்கள்?

இருக்காது என்று எழுதுவதற்கு எனக்கு ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை. ஜப்பானில் குண்டிலிருந்து பிழைத்தவர்கள், நோய் தொற்றிவிடும், பிள்ளைகள் குறையோடு பிறக்கும் என்ற அச்சத்தால் திருமணத்திலும் வேலையிலும் ஒதுக்கப்பட்டார்கள். பலர் தாம் பிழைத்தவர்கள் என்பதையே மறைத்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிதான்கியோவுக்கு 2024-இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, குண்டு விழுந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சாதியோடு தொடர்பில்லாத புது ஒதுக்கல் ஒன்று அங்கே உருவாக முடிந்ததென்றால், பல நூற்றாண்டுகளாக அதைப் பழகிய நம் மண்ணில் அச்சம் எந்த வழியாக ஓடும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மாவட்டத்தின் வரலாற்றில் ஒதுக்கலும் இருக்கிறது, அதை எதிர்த்த எழுச்சியும் இருக்கிறது. மேலாடை அணியும் உரிமைக்காக நம் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி, 1859-இல் திருவிதாங்கூர் அரசின் ஆணையைப் பெற்றார்கள். அதற்கும் முன்பே சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் முத்திரிக் கிணற்றை எல்லாச் சாதியாருக்கும் பொதுவாக்கினார். நாவலில் மடைச்சபை மூடச் சொல்லும் முதல் கிணறு ஒரு பொதுக்கிணறு. அந்தக் காட்சியை எழுதும்போது அய்யாவின் கிணறே என் மனத்தில் இருந்தது. சபைக்கு அந்தக் கிணற்றின் நீரைப் பற்றிக் கவலையில்லை. எல்லோரும் ஒரே கயிற்றில் நீர் இறைத்த நினைவு ஊரில் தங்கியிருப்பதுதான் அதற்கு இடைஞ்சல்.

அப்படியானால் மடைச்சபையார் அனைவரும் கொடியவர்களா?

முதல் தலைமுறை அப்படியில்லை. கலவரம் நடந்துகொண்டிருக்கும்போது அணையைக் காத்து, மதகை உடைக்க வந்தவர்களைத் தடுத்து, கடைமடை வயலுக்கும் முறைவைத்து நீர் விட்டவர்கள் அவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் கதையில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். நெருக்கடிக்காகப் போட்ட விதியை நெருக்கடி தீர்ந்த பின்னும் விட மறுத்ததும், விதியைக் கேள்வி கேட்பவரைச் சாம்பல் பட்டவர் என்று பட்டியலிட்டதும் அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் நடந்தவை. குண்டால் உலகம் அழிந்தது ஒருநாளில். கொடுங்கோன்மை வந்ததோ ஒவ்வொரு கையெழுத்தாக, ஒவ்வொருவரின் சம்மதத்தோடு. கணக்கெழுதும் பெண்ணும் பதினொரு ஆண்டுகள் அந்த ஏட்டில் ஒப்பமிட்டவள் என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது என்று விரும்புகிறேன்.

உரையாடல்கள் புரியவில்லையே?

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மாந்தர் மலையாளம் கலந்தும், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தவர் நாஞ்சில் வழக்கிலும் பேசுகிறார்கள். அரைப்பக்கம் வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும்.

பள்ளி மாணவர்கள் படிக்கலாமா?

பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் படிக்கலாம். பட்டினியைப் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தை ஆசிரியரோ பெற்றோரோ முதலில் படித்துப் பார்ப்பது நல்லது.

நாவலில் வரும் இடங்களை நேரில் பார்க்க முடியுமா?

பெரும்பாலானவற்றைப் பார்க்கலாம். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையையும், பறளியாற்றின் மேலே பட்டணங்கால் நீரை எடுத்துச் செல்வதற்காக 1966-இல் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். தொட்டிப்பாலத்தின் ஓரமாக நடந்து செல்ல வழி உண்டு. தண்ணீர் ஓடும் மாதங்களில் போவதே நல்லது. அணை திறந்திருக்கிறதா என்று உள்ளூரில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். கணக்கெழுதும் பெண் உட்கார்ந்திருக்கும் அறை மட்டும் அங்கே கிடையாது. அதை நான் கதைக்காகக் கட்டினேன்.